நான் சொன்னால் எடுபடவில்லை, அதையே அவர் சொன்னால் தலையாட்டுகிறார்கள்

வாசகி ஒருவரின் கடிதம். நீளமானது என்பதால் சுருக்கித் தருகிறேன். வயது 34. ஒரு நிறுவனத்தின் திட்டமிடல் பிரிவில் ஒன்பது வருடமாக வேலை. போன மாதம் ஒரு மீட்டிங்கில், புதிய பொருளை வாடிக்கையாளரிடம் ஒப்படைக்கும் தேதி பற்றிப் பேச்சு வந்தபோது இவர் சொன்னது இது: "எனக்குச் சரியாத் தெரியல, நான் தப்பாக்கூட இருக்கலாம், ஆனா இந்தத் தேதிக்குள்ள முடிக்கறது கொஞ்சம் கஷ்டமா இருக்குமோன்னு தோணுது." யாரும் கண்டுகொள்ளவில்லை. பத்து நிமிடம் கழித்து, வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம்கூட ஆகாத ஒருவர், "இந்தத் தேதிக்குள்ள முடியாது, மூணு வாரம் தள்ளணும்" என்றார். மேலாளர் உட்பட எல்லாரும் தலையாட்டினார்கள். முந்தைய மூன்று திட்டங்களின் தேதிகளை எடுத்து வைத்து இரவு உட்கார்ந்து கணக்குப் போட்டது இவர், பெயர் வாங்கியது அவர். வீட்டிலும் இதே கதைதான். அப்பாவுக்குக் காது சரியாகக் கேட்பதில்லை, மெஷின் வைத்துக்கொள்ளுங்கள் என்று ஒரு வருடமாகக் கெஞ்சுகிறார், அப்பா அசையவில்லை. "தன்னம்பிக்கை உள்ளவர்கள் எப்படி மற்றவர்களை இவ்வளவு சுலபமாகத் தங்கள் பக்கம் இழுக்கிறார்கள்? அது பிறவிக் குணமா? உடல்மொழிதான் 93 சதவீதம் என்கிறார்களே, தினமும் கண்ணாடி முன்னால் நிமிர்ந்து நின்று பழகுகிறேன், ஒன்றும் மாறவில்லை. நானும் அவரைப் போல ஆக வேண்டும்" என்று முடித்திருக்கிறார்.

அன்புள்ள தோழிக்கு,

அந்த மீட்டிங் பற்றி எழுதியிருந்த பத்தியை மட்டும் மூன்று முறை படித்தேன். அவர் சொன்ன வார்த்தைகளையும் நீங்கள் சொன்ன வார்த்தைகளையும் அப்படியே எழுதி அனுப்பியது நல்லதாகப் போயிற்று, ஏனென்றால் நீங்கள் கேட்ட கேள்விக்கான பதிலில் பாதி அந்த இரண்டு வரிகளிலேயே இருக்கிறது.

உங்கள் வரியை எடுத்துக்கொள்வோம். "சரியாத் தெரியல" என்று ஆரம்பிக்கிறீர்கள், ஆனால் உங்களுக்குத் தெரியும், கணக்கு நோட்டில் இருக்கிறது. அடுத்து "நான் தப்பாக்கூட இருக்கலாம்". அப்புறம் "கொஞ்சம்". அப்புறம் "கஷ்டமா", அதாவது முடியாது என்பதை முடியும் என்று தோன்றும்படி இளக்கிவிட்டீர்கள். "இருக்குமோ" என்று ஓர் ஓகாரம். கடைசியில் "தோணுது". ஒரே வாக்கியத்தில் ஆறு இடத்தில் பின்வாங்கியிருக்கிறீர்கள். இத்தனைக்கும் உங்களிடம் இருந்த ஒரே பலமான பொருள், அந்த மூன்று வாரம் என்ற எண், வாக்கியத்தில் வரவே இல்லை. அவர் வரியில் மூன்றே விஷயங்கள்தான்: முடியாது, மூணு வாரம், தள்ளணும். ஒரு தீர்ப்பு, ஓர் அளவு, அடுத்து என்ன செய்வது என்பது.

இப்போது மேலாளர் இடத்தில் உட்கார்ந்து பாருங்கள். பத்துப் பேர் பேசுகிறார்கள். ஒவ்வொருவர் கணக்கையும் சரிபார்க்க அவருக்கு அந்த அறையில் நேரமும் கிடையாது, வசதியும் கிடையாது. அவரால் பார்க்க முடிவது ஒன்றைத்தான்: பேசுகிறவர் தன் சொல்லின்மேல் தானே எவ்வளவு பாரம் வைக்கிறார் என்பதை. நீங்களே நம்பாததுபோல் சொன்ன ஒன்றை அவர் ஏன் நம்ப வேண்டும்? இதில் உங்களைத் தாழ்த்தும் எண்ணம் அவருக்கு இருந்திருக்கும் என்று நான் நினைக்கவில்லை. மனித மனம் வேலை செய்யும் விதமே இதுதான். உறுதியாகப் பேசுகிறவருக்கு விஷயம் தெரிந்திருக்கும் என்று நாம் யோசிக்காமலே முடிவு கட்டிவிடுகிறோம், பெரும்பாலான நேரம் அது ஓரளவு பலிக்கவும் செய்கிறது என்பதால் அந்தப் பழக்கம் நம்மை விட்டுப் போவதில்லை.

இதைப் பற்றி ஓர் ஆய்வு இருக்கிறது, உங்கள் நிலைமைக்கு அப்படியே பொருந்தும். கேமரன் ஆண்டர்சன், கேவின் கில்டஃப் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2009-இல் வெளியிட்டது. ஒருவரையொருவர் முன்பின் அறியாதவர்களைச் சிறு குழுக்களாக உட்காரவைத்துக் கணக்குகளைப் போடச் சொன்னார்கள். யார் அதிகம் முன்வந்து பேசினார்களோ அவர்களைத்தான் கெட்டிக்காரர்கள் என்று குழுவில் மற்றவர்கள் மதிப்பிட்டார்கள். உண்மையில் கணக்கில் அவர்கள் மற்றவர்களைவிடத் திறமைசாலிகள் இல்லை. அதைவிட என்னை யோசிக்க வைத்தது வேறொன்று: 94 சதவீத நேரம், யாராவது முதலில் சொன்ன விடை எதுவோ அதுவே குழுவின் இறுதி விடையாகிவிட்டது. முதலில் சொன்னதால் சரி, அவ்வளவுதான். சொல்லத் துணிந்தவர் சொன்னார், மற்றவர்கள் பின்னால் போனார்கள்.

ஆகவே பிறவிக் குணமா என்ற கேள்விக்கு என் பதில்: கூச்சமோ துணிச்சலோ ஓரளவு பிறவியிலேயே வருவதுதான், ஆனால் மற்றவர்களை அசைப்பது மனசுக்குள் இருக்கும் துணிச்சல் இல்லை. அது யாருக்கும் தெரியாது. வெளியே வருவதுதான் அசைக்கிறது: சீக்கிரமே வாய் திறப்பது, வாக்கியத்தை முழுசாகச் சொல்லி முடிப்பது, ஓர் எண்ணோ ஒரு காரணமோ கூடவே தருவது, யாராவது மறுத்தால் குலையாமல் இருப்பது. இந்த நாலையும் உள்ளுக்குள் கை நடுங்கும் ஒருவராலும் செய்ய முடியும்.

வாக்கியத்தை முடிப்பது என்றேன். இதில் கொஞ்சம் நிற்கிறேன், ஏனென்றால் தமிழில் பேசுகிறவர்களுக்கு இது மற்றவர்களைவிட முக்கியம். சில வருடங்களுக்கு முன்னால் என்னிடம் ஆலோசனைக்கு வந்த ஒரு பெண்மணி, "நான் தெளிவாகத்தான் பேசுகிறேன், யாரும் காதில் வாங்குவதில்லை" என்றார். போனை மேஜைமேல் வைத்து, அவர் அலுவலகத்தில் நடந்த ஒரு விஷயத்தை இரண்டு நிமிடம் பேசச் சொல்லிப் பதிவு செய்து, அங்கேயே போட்டுக் காட்டினேன். ஒவ்வொரு வாக்கியமும் நல்ல குரலில் ஆரம்பிக்கிறது, பாதிக்குமேல் இறங்குகிறது, கடைசி இரண்டு சொல் மூச்சோடு கரைந்துபோகிறது. ஓர் இடத்தில், "அந்த வேலையை இந்த ஆள் பலத்தை வச்சு முடிக்க முடி..." என்பதோடு நின்றுவிட்டது. முடியும் என்றாரா, முடியாது என்றாரா? மூன்று முறை போட்டுக் கேட்டோம். சொன்ன அவருக்கே பிடிபடவில்லை.

நம் மொழியில் வினை கடைசியில்தானே வருகிறது. ஆம், இல்லை, வேண்டும், வேண்டாம், செய்வோம், செய்யக்கூடாது, எல்லாமே வாக்கியத்தின் வாலில்தான் இருக்கிறது. கூச்சப்படுகிறவர்கள் விழுங்குவது சரியாக அந்த வாலைத்தான். கேட்பவருக்கு விவரங்கள் எல்லாம் வந்து சேர்கிறது, முடிவு மட்டும் வந்து சேர்வதில்லை. அந்தப் பெண்மணிக்கு நான் கொடுத்த பயிற்சி ஒன்றே ஒன்றுதான்: கடைசிச் சொல்லை முதல் சொல்லின் அதே சத்தத்தில் சொல்லிவிட்டு வாயை மூடுங்கள். வேகத்தைக் கூட்ட வேண்டாம், குரலை உயர்த்த வேண்டாம். "வாயை மூடுங்கள்" என்பதுதான் அவருக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது, ஏனென்றால் சொல்லி முடித்ததும் வரும் அந்த இரண்டு விநாடி மௌனத்தை நிரப்ப "இல்ல, நான் என்ன சொல்ல வந்தேன்னா..." என்று உடனே தொடங்கிவிடுவார், சொன்னதை அவரே திரும்ப வாங்கிக்கொள்வார். நீங்களும் இன்றே போனில் இரண்டு நிமிடம் பேசிப் பதிவு செய்து கேட்டுப் பாருங்கள். பிடிக்காதுதான், கேளுங்கள்.

கண்ணாடிப் பயிற்சியை விட்டுவிடுங்கள். அந்த 93 சதவீதம் என்பது ஆல்பர்ட் மெஹ்ராபியன் 1967-இல் செய்த ஆய்வுகளிலிருந்து வந்தது. சொல்லுக்கு 7, குரலுக்கு 38, முகத்துக்கு 55. ஆனால் அவர் பார்த்தது, ஒருவருக்கு நம்மைப் பிடிக்கிறதா பிடிக்கவில்லையா என்பதை, சொல்லும் முகமும் முரண்படும்போது நாம் எதை வைத்து ஊகிக்கிறோம் என்பதைத்தான். திட்டத் தேதிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. இது உணர்வுகளைப் பற்றிய பேச்சுக்கு மட்டும்தான் பொருந்தும் என்று அவரே சொல்லியிருக்கிறார். நிமிர்ந்து நிற்கும் தோரணை ஹார்மோனை மாற்றித் துணிச்சல் தரும் என்ற 2010 ஆய்வு பெரும் புகழ் பெற்றது. 2015-இல் 200 பேரை வைத்துத் திரும்பச் செய்து பார்த்தபோது, தெம்பாக இருப்பதாக அவர்கள் உணர்ந்தார்கள், ஆனால் ஹார்மோனும் நடத்தையும் மாறவில்லை. முதல் ஆய்வை எழுதியவர்களில் ஒருவரான டேனா கார்னியே 2016-இல், அந்த விளைவு உண்மை என்று தான் இனி நம்பவில்லை என்று வெளிப்படையாக அறிவித்தார். (இப்படி அறிவித்ததுதான் என் கண்ணுக்கு உண்மையான தன்னம்பிக்கை.) நிமிர்ந்து உட்காருவதில் தப்பில்லை, தாராளமாக உட்காருங்கள். வேலையை அது செய்துவிடும் என்று மட்டும் காத்திருக்க வேண்டாம்.

"என் பதற்றம் எல்லாருக்கும் அப்பட்டமாகத் தெரிகிறது, அதனாலேயே மதிப்பதில்லை" என்றும் எழுதியிருக்கிறீர்கள். தெரிகிறது என்று எப்படிச் சொல்கிறீர்கள்? உங்கள் நெஞ்சு அடித்துக்கொள்வது உங்களுக்குக் கேட்கிறது, அவ்வளவுதான். கென்னத் சவிட்ஸ்கியும் தாமஸ் கிலோவிச்சும் 2003-இல் காட்டியது இது: மேடையில் பேசுகிறவர்கள், தங்கள் பதற்றம் வெளியே தெரிவதாக நினைக்கும் அளவுக்கு அது தெரிவதில்லை. இன்னொன்றும் செய்தார்கள். பேசப் போகும் முன்பே இந்த உண்மையைச் சிலரிடம் எடுத்துச் சொன்னார்கள், அந்தச் சிலர் நிஜமாகவே நன்றாகப் பேசினார்கள், கேட்டவர்களும் அப்படியே சொன்னார்கள். நீங்களும் இப்போது தெரிந்துகொண்டீர்கள்.

சரி, இனி உங்கள் கடைசி வரி. "நானும் அவரைப் போல ஆக வேண்டும்." இதில்தான் உங்களோடு ஒத்துப்போக முடியவில்லை. அவருடைய வாக்கியத்தைக் கற்றுக்கொள்ளுங்கள், அவரைப் போல ஆக வேண்டாம். இரண்டு வருட அனுபவத்தில் ஒருவர் எல்லாவற்றையும் அதே உறுதியோடு சொல்கிறார் என்றால், சில இடங்களில் தப்பாகத்தான் சொல்லப் போகிறார். சாட்சிகளை வைத்துச் செய்த 2007-ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று நினைவுக்கு வருகிறது. முதலில், இரண்டு சாட்சிகளில் உறுதியாகப் பேசியவரைத்தான் மக்கள் அதிகம் நம்பினார்கள். ஆனால் இருவருமே ஒரு சின்ன விவரத்தில் தவறியது தெரியவந்ததும் நிலைமை தலைகீழானது. எதில் சந்தேகம் இருக்கிறதோ அதில் சந்தேகத்தை ஒப்புக்கொண்டிருந்த சாட்சியின் பேச்சு நின்றது, எல்லாவற்றிலும் அடித்துச் சொன்னவரின் பேச்சு விழுந்தது.

உங்களுக்குச் சந்தேகம் இருப்பது குறை இல்லை, அதை வைக்கும் இடம்தான் தப்பு. உங்கள் வரியில் சந்தேகம் உங்கள்மேலேயே விழுகிறது: எனக்குத் தெரியல, நான் தப்பு. அதைப் பொருளின்மேல் வையுங்கள். "மூணு வாரம் தள்ளணும். போன மூணு திட்டத்துலயும் சோதனைக்கு மட்டும் இவ்வளவு நாள் ஆகியிருக்கு. ஒரே ஒரு விஷயம் இன்னும் உறுதியாகல, உதிரி பாகம் வர்ற தேதி. அது முன்னாடியே வந்துட்டா ரெண்டு வாரத்துல முடியும்." இதிலும் சந்தேகம் இருக்கிறது. ஆனால் கேட்பவருக்கு உங்கள்மேல் நம்பிக்கை ஏறுகிறது, இவருக்கு எது தெரியும் எது தெரியாது என்பது தெரிந்திருக்கிறது என்று. உமா கர்மார்க்கரும் ஸக்கரி டோர்மாலாவும் 2010-இல் கண்டது ஏறக்குறைய இதையே: விவரம் தெரிந்தவர் என்று பெயருள்ளவர் கொஞ்சம் தயக்கத்தோடு சொல்லும்போது, அவர் சொல் இன்னும் கூடுதலாகவே எடுபடுகிறது. ஒன்பது வருடம் அங்கே இருக்கும் உங்களுக்கு அந்த வசதி இருக்கிறது, அவருக்கு இல்லை.

எதிர்ப்பு வந்தால் என்ன செய்வது? நீங்கள் கடிதத்தில் கேட்கவில்லை, ஆனால் ஆறு இடத்தில் பின்வாங்கி வைத்துக்கொண்டு பேசுவதற்குக் காரணமே அந்தப் பயம்தான் என்று நினைக்கிறேன். யாரும் "இல்லை" என்று சொல்வதற்கு முன்னால் நீங்களே சொல்லிவிட்டால் வலிக்காது அல்லவா. உண்மையில் தன்னம்பிக்கை உள்ளவரிடம் நான் பார்க்கும் பெரிய வித்தியாசம் அவர் பேசும்போது தெரிவதில்லை, மறுக்கப்படும்போது தெரிகிறது. ஒருவர் மறுத்தால் அவர் சுருங்குவதும் இல்லை, பாய்வதும் இல்லை. "எதனால அப்படிச் சொல்றீங்க?" என்று கேட்கிறார், கேட்டுவிட்டு நிஜமாகவே காது கொடுக்கிறார். மறுத்தவர் சொல்வதில் சரியானதை "அது சரிதான்" என்று ஒப்புக்கொள்கிறார், மிச்சத்தில் நிற்கிறார். ஒப்புக்கொண்டால் தோற்றுவிடுவோம் என்ற பயம் அவருக்கு இல்லை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்கப் படைவீரர்களிடம் கார்ல் ஹோவ்லண்டும் அவர் குழுவும் இதைச் சோதித்து 1949-இல் வெளியிட்டார்கள்: ஏற்கெனவே மாற்றுக் கருத்தோடு இருந்தவர்களிடம், எதிர்த்தரப்பு வாதத்தையும் சேர்த்துச் சொன்ன பேச்சுதான் அதிகம் வேலை செய்தது. அதனால் "தேதி தள்ளினா வாடிக்கையாளர் கோபப்படுவாங்க, அது உண்மைதான்" என்பதை வேறு யாரும் எடுக்கும் முன் நீங்களே எடுங்கள், எடுத்துவிட்டு, சொன்ன தேதியில் பாதி வேலையோடு போய் நிற்பது அதைவிட மோசம் என்று தொடருங்கள்.

அப்பா விஷயம் வேறு மாதிரி. அங்கே நீங்கள் தயங்கவில்லை, மாறாக ஒரு வருடமாக விடாமல் தள்ளியிருக்கிறீர்கள். ஜாக் பிரெம் 1966-இல் விளக்கிய ஒன்று உண்டு: தன் முடிவெடுக்கும் உரிமை பறிபோகிறது என்று தோன்றினால், மனிதர் அந்த உரிமையைக் காப்பாற்றிக்கொள்ளவே மறுப்பார், விஷயம் அவருக்கு நல்லதாக இருந்தாலும். உங்கள் அப்பா காது மெஷினை மறுக்கிறாரா, வயதாகிவிட்டது என்று மகள் முடிவு கட்டுவதை மறுக்கிறாரா? எனக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரியாது, ஏனென்றால் நீங்கள் எழுதியதில் அவரிடம் கேட்ட கேள்வி ஒன்றுகூட இல்லை. ஒரு மாதம் அந்தப் பேச்சையே எடுக்காதீர்கள். அப்புறம் ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்து, "அப்பா, மெஷின் வைக்கறதுல உங்களுக்கு என்ன பிடிக்கல?" என்று கேளுங்கள். அவர் சொல்வதற்கு எதிர்வாதம் வேண்டாம். "முடிவு உங்களோடதுப்பா. என்னைக்காவது போட்டுப் பார்க்கணும்னு தோணினா சொல்லுங்க, நான் கூட வரேன்" என்று சொல்லி எழுந்துவிடுங்கள். இது உத்தி மட்டும் இல்லை, நிஜமாகவே முடிவு அவருடையது. அவர் கடைசிவரை வேண்டாம் என்றே சொல்லலாம். அதைத் தாங்கிக்கொள்ள நீங்கள் தயார் என்பது அவருக்குப் புரிந்தால்தான் பேச்சே தொடங்கும்.

அந்த உடன் வேலை செய்பவர் உங்கள் யோசனையைத் திருடினாரா என்று கேட்டிருந்தீர்கள். இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். உங்கள் வாக்கியம் அவர் காதில் ஏறாமலேகூடப் போயிருக்கலாம். அடுத்த முறை அப்படி நடந்தால், அங்கேயே, கோபம் இல்லாமல், "நானும் இதைத்தான் சொன்னேன், அதுக்கான கணக்கு என்கிட்ட இருக்கு, இப்பவே காட்டறேன்" என்று நோட்டைத் திறந்துவிடுங்கள். அவரைக் குற்றம் சொல்ல வேண்டிய அவசியமே வராது. இன்னொன்று, மீட்டிங்குக்கு முன்னாலேயே ஒருவரிடமாவது கணக்கைக் காட்டி வையுங்கள். சாலமன் ஆஷ் 1950-களில் செய்த சோதனைகளில், கண்ணெதிரே தெரியும் கோட்டின் நீளத்தைக்கூட, சுற்றியிருந்த எல்லாரும் தப்பாகச் சொன்னதால் பலர் தப்பாகச் சொன்னார்கள். சரியாகச் சொல்லும் ஒரே ஓர் ஆள் பக்கத்தில் இருந்தபோது அந்த அழுத்தம் பெருமளவு உடைந்துபோனது. தனியாக நிற்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

நம்பிக்கை வந்தபிறகு பேசலாம் என்று மட்டும் காத்திருக்காதீர்கள். தன்னால் முடியும் என்ற எண்ணத்தைப் பற்றி 1977-லிருந்து விரிவாக எழுதிய ஆல்பர்ட் பண்டூரா, அதற்கு மிகப் பலமான ஊற்று எது என்று சொன்னார் தெரியுமா? அறிவுரையோ ஊக்கப் பேச்சோ இல்லை, செய்து முடித்த அனுபவம். ஒரு முறை சொல்லி முடித்து, ஒன்றும் ஆகவில்லை என்று உடம்புக்குத் தெரிந்தால், அடுத்த முறைக்கு அது கைகொடுக்கும்.

அடுத்த வியாழக்கிழமை மறுபடி மீட்டிங் என்று எழுதியிருக்கிறீர்கள். புதன் இரவே ஒரு தாளில் இரண்டு வரி எழுதுங்கள், அதில் ஓர் எண் இருக்கட்டும், ஒரு "ஏன்னா" இருக்கட்டும், கடைசிச் சொல் முற்றுவினையாக இருக்கட்டும். "தோணுது" என்று எழுதியிருந்தால் அடித்துவிடுங்கள். மூன்றாவது ஆள் பேசுவதற்குள் உங்கள் முறையை எடுத்துக்கொள்ளுங்கள், குரல் நடுங்கினால் தாளைப் பார்த்தே படியுங்கள், தப்பில்லை. படித்து முடித்ததும் தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு, யாராவது பேசும்வரை ஒரு வார்த்தையும் சேர்க்காமல் உட்கார்ந்திருங்கள். என்ன நடந்தது என்று எனக்கு எழுதுங்கள்.